அசையாதவர்களைப் பார்க்காத வண்டி

என் பயத்துக்கு எங்கள் குடும்பத்தில் மரியாதையே கிடையாது. பஸ் கொஞ்சம் தாமதமானால் எங்கேயோ கவிழ்ந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறவள், காற்றடித்தால் எந்த மரம் விழும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறவள் என்று அக்கா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் சொல்வது பொய்யும் இல்லை. அப்பேர்ப்பட்ட ஒருத்தி, ஆளில்லாமல் தானே ஓடுகிற வண்டிக்குக் கண் பொருத்துகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும்? தூக்கத்தில்கூட வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

கோலாலம்பூருக்குத் தெற்கே லுக்குட்டில், மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடைகளுக்குப் பின்னால் எங்கள் பட்டறை. நாலைந்து பேர், ஒரு பாஸ், ஓயாமல் இரைகிற ஒரு காற்றாடி. நாங்கள் செய்தது, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்கான வண்டி. வெட்டிப் போட்ட பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு, மரங்களுக்கு நடுவே உள்ள பாதையில் தானாக ஓடி, லாரி நிற்கிற மண்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உயரம் என் இடுப்பளவு. பாட்டரியில் ஓடுவதால் சத்தம் அதிகம் இருக்காது. அந்தச் சத்தமின்மையே எனக்கு முதல் நாளிலிருந்து பிடிக்கவில்லை.

செம்பனைக் காட்டுக்குள் வெளிச்சம் ஒரு தினுசு. மட்டைகளின் இடுக்கில் விழுகிற வெயில் கண்ணைக் குத்தும். அதற்கு ஓரடி தள்ளி இருட்டு. சாதாரண கேமரா அந்த வெயிலில் வெளுத்துப்போகும், நிழலில் கறுத்துப்போகும். அதனால் வேறு வகைக் கேமரா ஒன்றைப் பொருத்தினோம். அது முழுப் படம் எடுக்காது. அதற்குள் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும், தன் மேல் விழுகிற வெளிச்சம் மாறினால் மட்டும் வாய் திறக்கும். கூடினால் கூடியது என்று சொல்லும், குறைந்தால் குறைந்தது என்று சொல்லும். மாறவில்லையென்றால் பேசாமல் இருந்துவிடும். முதல் நாள் அதன் முன்னால் உட்கார்ந்து திரையில் என் முகத்தைப் பார்த்தேன். தலையை ஆட்டினால் சிவப்பும் நீலமுமாய்ப் புள்ளிகள் சேர்ந்து நான் வந்தேன். ஆடாமல் உட்கார்ந்தேன், கரைந்துபோனேன். சாம்பல் நிறத் திரையில் இமை மட்டும் அவ்வப்போது சிமிட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் புள்ளிகளின் பேச்சைக் கேட்டு இடமா வலமா, போகலாமா நிற்கலாமா என்று முடிவு செய்வது நியூரல் நெட்வொர்க் என்கிற கணினி மூளை. அதற்கு யாரும் விதி எழுதிக் கொடுப்பதில்லை. திரும்பத் திரும்பக் காட்டிப் பழக்குவோம். எதைக் காட்டினோமோ அதைக் கற்றுக்கொள்ளும். காட்டாததைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் கிடையாது. அந்தக் கவலை முழுக்க என் தலையில்.

பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் அதைப் பழக்கியபோது, குறுக்கே போய்க் காட்டியவர்கள் நாங்கள்தான். நடந்தோம், ஓடினோம், சைக்கிளில் போனோம். வண்டி கிட்டே வந்தால் விலகினோம். வண்டியும் அழகாக நின்று, வழி விட்டு, கிளம்பியது. பாஸுக்கு மனம் நிறைந்துவிட்டது. புக்கிட் பெலண்டோக் தாண்டி ஒரு தோட்டத்தில் சோதனைக்கு அனுமதி வாங்கிவிட்டதாக வந்து சொன்னார். தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. நானும் அக்காவும் பிறந்து வளர்ந்த தோட்டம் அது. நான் கல்யாணமாகி அம்பாங்கானுக்குப் போய்விட்டேன். அக்கா இன்னும் அங்கேதான். குலை விழும்போது சிதறுகிற உதிரிப் பழங்களைப் பொறுக்கும் பெண்களை மேற்பார்க்கிற மண்டோர் அவள்தான்.

போனில் சொன்னேன். அவளுக்கு ஒரே குஷி.

“வா, வா. பெரிய இஞ்சினியரம்மா, வண்டி கொண்டாறாங்கன்னு பெரட்டுல சொல்லிர்றேன்.”

“சும்மா இருக்கா. எனக்குப் பயமா இருக்கு.”

“உனக்கு எதுக்குத்தான் பயம் இல்ல? பசியாறிட்டு வா. வெறும் வயித்தோட வந்தா இன்னும் நடுங்குவ.”

காலையில் ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் வண்டியை லாரியிலிருந்து இறக்கினோம். நாங்கள் நாலு பேர் அதைச் சுற்றி நின்று துடைப்பதும், குனிந்து பார்ப்பதும், குடை பிடிப்பதுமாக இருந்தோம். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி கேட்டாள்: “ஒரு வேலையும் செய்யல, இத்தன பேரு சுத்தி நிக்கிறீங்களே, என்னா இது, மாப்பிள்ளையா?” அன்றோடு அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

முதல் சில நாள் மாப்பிள்ளை ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு ஒரு காலை, பாதையோரம் நின்று மடிக்கணினியில் வண்டியின் பார்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்குப் பையோடு ஒரு பெண் சற்றுத் தள்ளிக் குறுக்கே வந்தாள். திரையில் புள்ளிகள் கொத்தாக எழும்பின. வண்டி நின்றது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து நிரையில் குலை வெட்டுகிறவன் “நில்லு!” என்று கத்தினான்.

இந்த நில்லு என்னவென்று சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர் நீளக் கழியைத் தூக்குவதற்கு முன் சுற்றிலும் பார்ப்பார். யார் எந்த நிரையில், எந்த மரத்தடியில் என்று கண்ணால் குறித்துக்கொண்டு ஒரு சத்தம் போடுவார். அதற்குப் பிறகு ஒருவரும் அசையக் கூடாது. நடந்தவர்கள் நடந்த இடத்தில், குந்தியிருந்தவர்கள் குந்திய இடத்தில். ஓடினால்தான் ஆபத்து. நம்மைப் பார்த்து வைத்த இடத்தில் நாம் இல்லாமல் போய்விடுவோமே! குலை தரையில் மோதிய பிறகுதான் மறுபடி கைகால் அசையும். நடக்கப் பழகும்போதே எங்களுக்கு இதுவும் பழகிவிடும். டிராக்டர் வந்தாலும் அதேதான், நாங்கள் நிற்போம், ஓட்டுகிறவர் பார்த்துச் சுற்றிக்கொண்டு போவார். இன்று வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களும் அந்த ஒரு சொல்லைத் தமிழில்தான் கத்துகிறார்கள்.

சத்தம் கேட்டதும் அந்தப் பெண் நின்றாள். வண்டி முன்னமே நின்றிருந்தது. கேமராவும் அசையவில்லை, எதிரில் இருப்பவளும் அசையவில்லை. என் திரையில் அவள் ஓரத்திலிருந்து கரைந்து, கரைந்து, இல்லாமல் போனாள். நிமிர்ந்து பார்த்தால் சிவப்புச் சட்டை, தொப்பி, சாக்குப் பை எல்லாம் அங்கேயே இருக்கிறது. குனிந்து பார்த்தால் வெறும் பாதை. வண்டியின் மோட்டார் மெல்ல முனகியது. பாதை காலி என்று கிளம்பிவிட்டது!

கையில் இருந்த ரிமோட்டின் சிவப்புப் பட்டனை ஓங்கி அமுக்கினேன். நின்றது. அவள் பாதைக்குச் சற்று ஓரத்தில்தான் இருந்தாள், ஒன்றும் ஆகியிருக்காது. யாரும் கவனிக்கக்கூட இல்லை. நான்தான் பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் நின்றேன். கிளம்பிய பிறகாவது பார்க்குமா என்றால், அதிலும் சிக்கல். வண்டி நகரும்போது இரு பக்கத்து மரங்களும் படத்தில் வேகமாக ஓடும். நேர் எதிரே இருப்பதுதான் இருப்பதிலேயே குறைவாக அசையும். எவள் நடுப்பாதையில் குந்தியிருக்கிறாளோ அவள்தான் அதன் கண்ணுக்குக் கடைசியாகப் படுவாள்.

பாஸிடம் ஓடினேன். அவர் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“முன்னுக்கு ரப்பர் பம்பர் இருக்குல. பட்டா நின்னுரும் லா.”

“முட்டின பிறகு நிக்கிறது என்னா நிக்கிறது, பாஸ்? லோடு ஏத்திக்கிட்டுப் பள்ளத்துல இறங்குறப்ப?”

“அப்ப ஆளுங்கள நகரச் சொல்லு. உங்க அக்கா பேச்சக் கேப்பாங்கதானே?”

“ஆளப் பாத்து நின்னா, அந்த ஆளு வெலகிப் போறதப் பாக்குற வரைக்கும் கிளம்பக் கூடாதுன்னு வச்சிட்டா?”

“அதான் லுக்குட்லயே வச்சுப் பாத்தோமே. புல்லு ஆடினாக்கூட ஆளுன்னு நெனச்சு நின்னுச்சு, அப்புறம் கிளம்பவே இல்ல. தோட்டத்துக் கம்பெனியோட கோலாலம்பூர் ஆபீஸ்லேருந்து வந்து பாக்குறப்ப அப்படி நின்னா, நம்ம பட்டறைய மூடிட்டு ரோட்டோரம் வாழப்பழம் பொரிச்சு பீசாங் கோரேங் விக்க வேண்டியதுதான்.”

மறுநாள் பெரட்டில் பெண்களிடம் கெஞ்சிச் சொன்னேன். மாப்பிள்ளை எதிரில் வந்தால் நிற்காதீர்கள், விலகிப் போய்விடுங்கள் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். முதல் நில்லு சத்தத்துக்கு அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். வயதான ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மண்டைக்குத் தெரியுது பாப்பா, காலுக்குத் தெரியலயே” என்றார். அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? அந்தச் சத்தத்துக்கு என் கால்களும்தான் நின்றிருந்தன.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. ஆள் அசையாவிட்டால் போகட்டும், கேமராவை நடுங்க வைத்தால் என்ன? வண்டி நின்றாலும் கேமரா ஓயாமல் நடுங்கினால், எதிரில் இருப்பவரின் ஓரங்கள் படத்தில் ஆடும், புள்ளிகள் பேசும். லுக்குட்டில் போன் பழுதுபார்க்கிற கடையில், அழைப்பு வந்தால் போனை அதிரவைக்கும் சின்ன மோட்டார் ஒன்றை வாங்கிக் கேமராவின் அடியில் பொருத்தினேன். அக்காவிடம் சொன்னபோது, “நல்லதாப் போச்சு. நம்ம குடும்பத்துல நடுங்குறது இனிமே ரெண்டு” என்றாள்.

ஆனால் மாப்பிள்ளையின் மூளை அதுவரை கற்றதெல்லாம் நடுங்காத படங்களை வைத்து. எல்லாவற்றையும் நடுங்குகிற படங்களாகப் புதிதாகக் காட்ட வேண்டியிருந்தது. சாக்குக்குள் சருகை அடைத்து, அக்காவின் பழைய சட்டையையும் தொப்பியையும் மாட்டி, குந்தியிருக்கிற மாதிரி ஒரு பொம்மை செய்து நடுப்பாதையில் வைத்தேன். அக்காவின் சட்டையை நோக்கி வண்டியை ஏவிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன வேலை? ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் வண்டி பெரும்பாலும் நின்றது. பெரும்பாலும்! அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எவளுக்குச் சோறு இறங்கும்?

கோலாலம்பூர்க்காரர்கள் வருவதற்கு முந்தின மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். நாளைக்கு லீவு போட்டுவிடு என்றேன். அவள் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“எதுக்கு?”

“நீ அங்க இருந்தா எனக்குக் கை ஓடாதுக்கா. நாளைக்கு வேலைய நிறுத்தாம, எப்பவும் போல ஆளுங்க நடமாட்டத்தோடதான் காட்டணுமாம். நீ மட்டும் வராத.”

“நா வரலன்னா வேற ஒருத்தி அந்த எடத்துல குந்துவா. அவளுக்கு வண்டி செய்யற தங்கச்சி இல்ல, அதனால அடிபட்டாப் பரவால்லயா?”

நான் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தேன்.

“உன் வண்டிய நீயே நம்பலன்னா எங்க முன்னுக்கு எதுக்குடி கொண்டாந்து விடுற?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அது ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் பெய்த மழையில் பாதையெல்லாம் சேறு. ஒயர்களை நான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ் வந்து கையை நீட்டினார்.

“ரிமோட்டக் குடு.”

“என்கிட்டயே இருக்கட்டும் பாஸ்.”

“நேத்து ஒருத்தன் தும்மினதுக்குக்கூட அமுக்கின. இன்னிக்கு நா வச்சிக்கிறேன் லா. நீ திரையப் பாரு.”

கொடுத்துவிட்டேன். அன்று காலை முழுவதும் என் கட்டைவிரல் இல்லாத பட்டனைத் தேடிக்கொண்டே இருந்தது.

பளபளக்கும் காலணிகள் சேற்றில் படாமல் நாலைந்து பெரிய ஆட்கள் மண்சாலையோரம் பலகை மேல் நின்றார்கள். மாப்பிள்ளை மேட்டிலிருந்து குலைகளைச் சுமந்துகொண்டு இறங்கி வந்தது. பாதை வளைந்த இடத்தில் சரியாக வளைந்தது. மட்டைக் குவியலைத் தொடாமல் ஒதுங்கியது. பாஸ் முகத்தில் அப்படியொரு பெருமை. அப்போது அக்கா மரத்தடியிலிருந்து வந்தாள். பாதை நடுவில் உதிரிப் பழங்கள் கிடந்தன. முதுகை வண்டிக்குக் காட்டியபடி குந்திப் பொறுக்க ஆரம்பித்தாள். வண்டி அவளைப் பார்த்து நின்றது. பலகை மேல் இருந்தவர்கள் தலையசைத்தார்கள்.

பக்கத்து நிரையிலிருந்து சத்தம் வந்தது. “நில்லு!”

அக்காவின் கை பழத்தின் மேல் அப்படியே நின்றது. திரையில் அவளுடைய முதுகு சிவப்பும் நீலமுமாய் நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்குகிற வரைக்கும் பயமில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டேன். சட்டென்று நடுக்கம் நின்றுபோனது. தோள் கரைந்தது, தொப்பி கரைந்தது. திரை முழுக்கச் சாம்பல்.

“பாஸ்! அமுக்குங்க!” என்று கத்தினேன். அவர் ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்து அவர்களுக்கு என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். மோட்டார் முனகியது. இறக்கம். முழு லோடு. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குலை விழவில்லையே, எப்படித் திரும்புவாள்?

மடிக்கணினியைச் சேற்றில் போட்டுவிட்டு ஓடினேன். நில்லு சத்தத்துக்குப் பிறகு என் பிறவியில் ஓடியது அந்த ஒரு தடவைதான். மரங்களுக்கு நடுவே குறுக்காகப் பாய்ந்து வண்டிக்கும் அக்காவுக்கும் இடையில் போய் விழுந்தேன். வண்டி குலுங்கி நின்றது. ரப்பர் பம்பர் என் முழங்காலுக்கு முன்னால் இருந்தது. அதே நேரம் எனக்குப் பின்னால், நான் தாண்டி வந்த இடத்தில், குலை தொப்பென்று விழுந்தது. சிதறிய பழங்கள் என் முதுகில் அடித்தன. வெட்டிய பையன் கழியைப் போட்டுவிட்டு மலாயிலும் தமிழிலும் என்னைத் திட்டித் தீர்த்தான். திட்டட்டும். அவன் பார்த்து வைத்த இடத்தில் நான்தானே இல்லாமல் போனேன்.

குலை விழுந்த பிறகுதான் அக்கா எழுந்தாள். முழங்காலில் கையூன்றி எழுந்து வந்து என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“செத்திருப்படி நாயே! நில்லுன்னு கத்துனது காதுல விழுந்துச்சா இல்லியா?”

அடித்த அதே தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் விடவே இல்லை.

பலகையிலிருந்து கைதட்டல் கேட்டது. திடீரென்று ஆள் குறுக்கே விழுந்தாலும் நின்றுவிடுகிறதே, பிரமாதம் என்று ஒருவர் பாஸின் கையைக் குலுக்கினார். பாஸ் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

வண்டிக்குள் இருந்த பதிவை அவருடைய கணினியில் போட்டுக் காட்டினேன். சாம்பல் நிறப் பாதை, காலியாக. வண்டி கிளம்புகிறது. மரங்கள் இரு பக்கமும் ஓடுகின்றன, நடுவில் ஒன்றுமே இல்லை. பிறகு ஓரத்திலிருந்து சேறும் சகதியுமாய் ஒரு ஜோடிக் கால்கள் பாய்ந்து வருகின்றன. என் கால்கள். வண்டி நின்றது அவற்றுக்காகத்தான். அக்கா அந்தப் படத்தில் கடைசிவரை இல்லை.

பாஸ் பதிவை மறுபடியும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். கேமராவின் அடியில் கையை விட்டுப் பார்த்தேன். அதிர்வு மோட்டாரின் ஒயர் கழன்று தொங்கியது. ஆடி ஆடி, நடுக்கமே தன் ஒயரைக் கழற்றிவிட்டிருந்தது. “சுசா லா, கஷ்டம்தான்” என்று முனகிவிட்டு, அவர் எழுந்து நேரே அந்த ஆட்களிடம் போனார். வண்டி அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, இந்தப் பொண்ணு ஓடினதால்தான் நின்றது என்று சொன்னார். என் காதால் கேட்டேன். அவர்மேல் எனக்கு எத்தனையோ கோபம் உண்டு, ஆனால் அன்றைக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

வந்தவர்கள் யோசித்துச் சொல்வதாகப் போனார்கள். அக்காதான் விடவில்லை. சாயங்காலம் துணி காயப்போட்டுக்கொண்டே, “அதுக்கு என்னா செஞ்சாத்தான் ஆள் தெரியும்?” என்று கேட்டாள்.

“அசைஞ்சாத் தெரியும்.”

“கால்தானே அசையக் கூடாது? கை அசையலாமில்ல?”

அடுத்த வாரமே பெரட்டில் சொல்லிக் கொடுத்துவிட்டாள். நில்லு கேட்டால் நிற்க வேண்டியது. மாப்பிள்ளை எதிரில் இருந்தால், நின்ற இடத்திலிருந்து ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்ட வேண்டியது. அத்தனை பெண்களும் காலை ஊன்றிக்கொண்டு கையை ஆட்டினார்கள். முதல்நாள் அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. ஒரு வண்டியின் கண் சரியில்லை என்பதற்காக இவர்கள் ஏன் கையாட்ட வேண்டும்?

அதனால் வண்டியை மாற்றினோம். ஒயரை அசையாமல் பற்றவைத்தோம். நடுக்கம் நின்றால் சக்கரமும் நிற்கும்படி செய்தோம். ஆளைப் பார்த்து நின்ற வண்டி, மண்டோர் வந்து அதன் முதுகில் உள்ள பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் திரும்பக் கிளம்பும். புல்லுக்கும் நிற்கிறது, நாய்க்கும் நிற்கிறது, வேகம் பாதியாகிவிட்டது. கோலாலம்பூர் ஆபீஸ் முனகிக்கொண்டே இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றது. நான் ஒவ்வொரு வாரமும் வந்து ஒயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

போன வாரமும் போயிருந்தேன். மேட்டிலிருந்து மாப்பிள்ளை இறங்கியது. அக்கா நடுப்பாதையில் குந்தியிருந்தாள். நில்லு சத்தம் வந்தது. வண்டி நின்றது. திரையில் அவள் முதுகும் தொப்பியும் தெளிவாக நடுங்கிக்கொண்டிருந்தன. அப்போதும் அவள் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். குலை விழுந்த பிறகு கிட்டே போனேன்.

“இப்பதான் அது நல்லாப் பாக்குதேக்கா. பட்டன அமுக்காம கிளம்பவும் கிளம்பாது. இன்னும் எதுக்குக் கைய ஆட்டுற?”

அக்கா பழத்தைச் சாக்கில் போட்டபடியே சொன்னாள்.

“அதுக்கு யாருடி ஆட்டுனா? நீ அங்க நின்னு பாத்துக்கிட்டிருக்கியே, மறுபடி ஓடி வந்துராதன்னு உனக்குத்தான் ஆட்டுனேன்.”